கம்பி சொன்ன கணக்கு

சென்ற பொங்கல் விழாவின்போது நமது சங்க மலரின் ஆசிரியர் என்னைப் பந்தியில் பிடித்துக்கொண்டார். "சார், நீங்கள் 38 வருடம் டீசல் எஞ்சினோடு குடித்தனம் நடத்தியவர். நம் பிள்ளைகளுக்கு உபயோகப்படுகிற மாதிரி ஏதாவது எழுதுங்களேன்" என்றார். "எனக்கு லாக் புக் எழுதத்தான் தெரியும். கட்டுரையெல்லாம் வராது" என்று நழுவப் பார்த்தேன். "லாக் புக்கில் எழுதாமல் விட்டது ஒன்றுகூடவா இருக்காது?" என்று சிரித்தபடி கேட்டுவிட்டு, பாயச வாளியைத் தேடிப் போய்விட்டார்.

அவர் விளையாட்டாகக் கேட்டதுதான். ஆனால் எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. எழுதாமல் விட்டது என்று எதுவும் இல்லை. எழுதக்கூடாததை ஒரு முறை எழுதியிருக்கிறேன். அதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் அன்பர்களை ஒரு சின்ன விமானத்தின் பக்கத்தில் கூட்டிக்கொண்டு போக வேண்டும். ரயில்வேக்காரனுக்கு விமானத்தில் என்ன வேலை என்று கேட்பீர்கள். எல்லாம் என் தம்பி மகளால் வந்த வினை!

விமானம் ஓட்டும் பாப்பா

என் தம்பியும் என்னைப் போலவே திருச்சி பொன்மலையிலிருந்து பிழைப்புக்காக வடக்கே வந்தவன். அவன் மகளுக்கு இருபது வயதாகியும் வீட்டில் இன்னும் 'பாப்பா'தான். பிறந்தது, வளர்ந்தது எல்லாம் இங்கேதான். தமிழ் நன்றாகப் பேசுவாள். நடுநடுவே இந்தி வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்ளும். பன்னிரண்டாவது முடித்ததும், "நான் பைலட்டுக்குப் படிக்கப் போறேன்" என்றாள். தம்பி பதறிப்போய் என்னிடம் வந்தான். வணிக விமானி உரிமம் வாங்க நம் நாட்டில் 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். ஒவ்வொரு மணிக்கும் காசு. கடைசியில் வீட்டின் பேரில் கடன் வாங்கி ஒரு பயிற்சிப் பள்ளியில் சேர்த்துவிட்டான்.

ஒரு டிசம்பர் மாதம் அவளைப் பார்க்கப் போயிருந்தேன். காலை ஆறரை மணி, நல்ல குளிர். நாலு பேர் உட்காரக்கூடிய செஸ்னா 172 விமானம் ஒன்று சிமெண்டுத் தரையில் நின்றுகொண்டிருந்தது. தூரத்தில் பார்த்தால் அம்பாசடர் காருக்கு இறக்கை முளைத்த மாதிரி இருந்தது. பாப்பா முதலில் சாவி வெளியே எடுக்கப்பட்டிருக்கிறதா, சுவிட்சுகள் அணைந்திருக்கின்றனவா என்று பார்த்தாள். பிறகு விமானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். மூக்கின் மேல்புறத்தில் உள்ளங்கை அகலத்தில் ஒரு சின்னக் கதவு. அதைத் திறந்து, உள்ளே இருந்த மூடியைத் திருகி, மூடியோடு சேர்ந்த நீளக் கம்பி ஒன்றை வெளியே உருவினாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டிப் ஸ்டிக்! முப்பத்தெட்டு வருடம் நான் பார்த்த அதே சமாசாரம். சிறு வயதில் என் அம்மா மண்ணெண்ணெய் டின்னில் விளக்குமாற்றுக் குச்சியை விட்டு, "இன்னும் நாலு நாளைக்கு வரும்" என்று சொல்வாளே, அதேதான். ஆகாயத்தில் பறக்கிற யந்திரத்துக்கும் கடைசியில் ஒரு குச்சிதான்!

"சிரிக்காதீங்க பெரியப்பா, இதுல விஷயம் இருக்கு" என்றாள் பாப்பா. பைக்குள் கையை விட்டு என் பழைய பழக்கத்தில் கொஞ்சம் காட்டன் வேஸ்ட் எடுத்து நீட்டினேன். "ஐயையோ, அது வேணாம். நூல் ஒட்டிக்கிட்டு உள்ளே போயிடும்" என்று தன்னிடமிருந்த சுத்தமான துணியால் கம்பியைத் துடைத்தாள். பெரியப்பாவுக்கு முதல் பாடம்.

துடைத்த கம்பியை மறுபடி முழுக்க உள்ளே விட்டு, மூடியை உட்கார வைத்து, மீண்டும் உருவினாள். முதல் தடவை உருவும்போது குழாயின் சுவரில் பட்ட ஆயில் கம்பியில் தீற்றியிருக்கும். அந்த அளவை நம்பக்கூடாது. இரண்டாவது தடவை வருவதே கணக்கு. முந்தின தினம் ஆயில் மாற்றியிருந்தார்கள். புது ஆயில் தேன் நிறத்தில் கண்ணுக்கே தெரியாமல் இருந்தது. பாப்பா கம்பியை வெளிச்சத்துக்கு நேராகச் சாய்த்துப் பிடித்தாள். நிச்சயமில்லை என்று தோன்றவே, கம்பியின் கோட்டருகே வெள்ளைத் துணியை ஒற்றிப் பார்த்தாள். "ஏழு" என்றாள். கையிலிருந்த தாளில் எழுதினாள்.

ஏழு என்றால் என்ன?

ஏழு குவார்ட். அமெரிக்க காலனில் நாலில் ஒரு பங்கு ஒரு குவார்ட். நம் கணக்கில் 0.946 லிட்டர், அதாவது லிட்டருக்குச் சற்றுக் குறைவு. பாப்பா ஓட்டும் 172 எஸ் ரகத்தில் 180 குதிரைசக்தி லைகாமிங் எஞ்சின். அதன் அடித்தொட்டி 8 குவார்ட் கொள்ளும். 5 குவார்ட்டுக்குக் கீழே இருந்தால் எஞ்சினைக் கிளப்பக்கூடாது என்று விமானத்தின் கையேடு சொல்கிறது. நீண்ட தூரம் போவதானால் 8 வரை நிரப்பச் சொல்கிறது. இதைவிடச் சின்ன செஸ்னா 152-க்குத் தொட்டி 6 குவார்ட், குறைந்தபட்சம் 4. எங்கள் ஷெட்டின் டபிள்யூ.டி.எம்.-2 எஞ்சினுக்கு நூற்றுக்கணக்கான லிட்டர் ஊற்றிய எனக்கு, இது பாயச வாளி அளவு என்றுதான் தோன்றியது.

வாளி அளவு என்பதால்தான் ஆபத்து என்பது யோசித்தபோது புரிந்தது. இந்த எஞ்சினில் ரேடியேட்டர் கிடையாது, தண்ணீர் கிடையாது. காற்றிலே குளிர வேண்டும். காற்று போய்ச் சேராத உள்பாகங்களின் சூட்டையெல்லாம் ஆயில்தான் சுமந்துகொண்டு வர வேண்டும். உராய்வைக் குறைப்பது, கரியைக் கழுவுவது, பிஸ்டன் வளையத்தின் சந்தை அடைப்பது எல்லாம் அதே ஐந்தாறு லிட்டர்தான். நாலு ஆள் வேலையை ஒரே ஆள் செய்கிறான். அவன் பாதியாக இளைத்துவிட்டால் சூடு ஏறும், ஆயில் நீர்த்துப்போகும், அழுத்தம் விழும்.

சரி, அப்படியானால் எப்போதும் 8 வரை நிரப்பி வைத்துவிட்டால் என்ன? அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது இங்கேயும் பொருந்தும். நிறைய ஊற்றினால் சுழலும் பாகங்கள் கிளப்பும் ஆயில் துளிகள் மூச்சுக் குழாய் வழியாக வெளியே போய் விமானத்தின் வயிற்றில் பூசிக்கொள்ளும். அதனால் பல பயிற்சிப் பள்ளிகளில் அன்றாடப் பறப்புக்கு 6, 7 என்றே வைத்துக்கொள்கிறார்கள்.

எந்த ஆயில் என்பதும் முக்கியம். டப்பாவில் '100' என்று போட்டிருந்தால் அது நம் வண்டிக் கடைக்காரர் சொல்லும் எஸ்.ஏ.இ. 50. '80' என்றால் 40. கோடையில் 45 டிகிரி காயும் நம் பக்கத்து ஊர்களுக்குக் கெட்டியானது வேண்டும். புது எஞ்சினுக்கு முதலில் சாதா மினரல் ஆயில்; எஞ்சின் குடிக்கும் அளவு ஒரு நிலைக்கு வந்த பிறகு சாம்பல் சேராத ரகம். கார் ஆயிலை அவசரத்துக்குக்கூட ஊற்றக்கூடாது. அதிலுள்ள உலோக மருந்துகள் எரிந்து சாம்பலாகி சிலிண்டரில் படிந்துவிடும். வடிகட்டி உள்ள எஞ்சினுக்கு 50 மணி நேரத்துக்கு ஒரு முறை ஆயில் மாற்ற வேண்டும். வெறும் சல்லடை மட்டும் என்றால் 25 மணி.

எல்லா எஞ்சினுக்கும் ஒரே முறை அல்ல

பாப்பாவின் எஞ்சினில் ஆயில் அடியிலேயே தேங்கி நிற்கும். எல்லா எஞ்சினும் அப்படி இல்லை. நம் பறக்கும் கழகங்களில் ஒரு காலத்தில் ஓடிய டைகர் மாத் விமானத்தில் எஞ்சின் தலைகீழ். சிலிண்டர்கள் கீழே தொங்கும். பெங்களூரில் இந்துஸ்தான் நிறுவனம் தயாரித்து 1951-ல் பறக்கவிட்ட எச்.டி.-2 பயிற்சி விமானமும் அப்படித்தான். டைகர் மாத்தில் ஆயிலுக்குத் தனி டாங்கி, உடம்பின் வெளிப்புறத்தில் ஒட்டியிருக்கும். இரவெல்லாம் நிற்கும்போது ஆயில் கசிந்து சிலிண்டருக்குள் இறங்கிவிடுவதுண்டு. அப்படியே கிளப்பினால் ஆயிலை அமுக்க முடியாமல் எஞ்சின் உடையும். ஆகவே கிளப்புவதற்கு முன் விசிறியைக் கையால் சுற்றிப் பார்ப்பார்கள். எங்கேயாவது இடித்து நின்றால் முரட்டுத்தனம் கூடாது. பிளக்கைக் கழற்றி வடித்துவிட வேண்டும்.

இப்போது என்.சி.சி. மாணவர்களுக்கென்று வந்திருக்கும் 'வைரஸ்' என்ற ஸ்லோவேனியா நாட்டுக் குட்டி விமானத்தில் ரோடாக்ஸ் 912 எஞ்சின். இதற்கும் ஆயில் தனி டாங்கியில்தான். ஓடி நின்ற பிறகு ஆயிலில் ஒரு பங்கு எஞ்சினின் அடியிலேயே தங்கிவிடும். அந்நிலையில் டாங்கியில் குச்சி விட்டால் குறைவாகக் காட்டும். பார்த்தவர் பயந்துபோய் மேலும் ஊற்றினால் வினை. எனவே சுவிட்சுகளை அணைத்து, சுழலும் திசையிலேயே விசிறியைக் கையால் மெல்லச் சுற்ற வேண்டும். எஞ்சினுக்குள் சேரும் காற்றழுத்தம் ஆயிலை டாங்கிக்குத் தள்ளும். கடைசியில் டாங்கியிலிருந்து 'களக்' என்று ஒரு சத்தம் வரும். குழந்தை பால் குடித்துவிட்டு ஏப்பம் விடுகிற மாதிரி! அதற்குப் பிறகுதான் குச்சி. அதில் மேல் கோட்டுக்கும் கீழ் கோட்டுக்கும் உள்ள வித்தியாசம் வெறும் 0.45 லிட்டர். பின்பக்கமாகச் சுற்றினால் காற்று உள்ளே போய்விடும் என்பதால் அதைச் செய்யக்கூடாது.

ஆக, குச்சி பொய் சொல்லாது. ஆனால் எந்த நேரத்தில் கேட்கிறோம் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். பாப்பாவின் செஸ்னாவிலும் இறங்கிய கையோடு பார்த்தால் ஆயில் மேலே வழிகளிலும் குளிர்விப்பானிலும் தங்கியிருக்கும், குறைவாகக் காட்டும். பத்துப் பதினைந்து நிமிடம் பொறுக்க வேண்டும். விமானம் சரிவில் நின்றாலும் கணக்குத் தப்பும். காலைக் குளிரில் பார்த்ததை நேற்றுக் காலைக் குளிரில் பார்த்ததோடு ஒப்பிட வேண்டுமே தவிர, மத்தியான வெயிலில் பார்த்ததோடு அல்ல.

பார்த்து முடித்ததும் மூடியைக் கையால் திருகும் அளவுக்குத்தான் இறுக்க வேண்டும். தளர்ந்திருந்தால் ஆயில் வெளியே வரும். பலத்தையெல்லாம் காட்டி இறுக்கினால் அடுத்த ஆள் திறக்க முடியாது. சின்னக் கதவைச் சாத்தினாள் பாப்பா. பிறகு குனிந்து தரையில் சொட்டு இருக்கிறதா, விமானத்தின் வயிற்றில் கோடு ஓடியிருக்கிறதா என்று பார்த்தாள். கிளம்பின பிறகும் வேலை முடியவில்லை. 30 விநாடிக்குள் ஆயில் அழுத்தமானியின் முள் எழும்பாவிட்டால் எஞ்சினை நிறுத்திவிட வேண்டும்.

ஓரம் கட்ட முடியாத இடம்

தேநீர் குடிக்கும்போது பாப்பாவிடம் ஒரு கேள்வி கேட்டேன். "எங்க எஞ்சின்ல லூப் ஆயில் அழுத்தம் குறைஞ்சா தானா நிறுத்துற சுவிட்ச் உண்டு. உங்க விமானத்துல?"

"முள்ளு இருக்கு, எச்சரிக்கை விளக்கு இருக்கு. தானா நிக்காது பெரியப்பா."

யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். ரயில் எஞ்சின் நின்றால் வண்டி தண்டவாளத்தில் நிற்கும். ஒற்றை எஞ்சின் விமானத்தில், எஞ்சின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நின்றுவிட்டால் உள்ளே இருப்பவனை யார் காப்பாற்றுவது? அது உருகிப் பிடித்துக்கொள்ளும் வரை ஓடட்டும், அதற்குள் இவன் இறங்க இடம் தேடிக்கொள்ளட்டும் என்று விட்டிருக்கிறார்கள். அழுத்தம் விழுந்து, சூடும் ஏறினால் யோசனையே கூடாது, இறங்க வேண்டியதுதான். ஆகாயத்தில் ஓரம் கட்டி, பானெட்டைத் தூக்கி, ஒரு டப்பா ஊற்றிக்கொண்டு கிளம்ப முடியாது.

ஒரே ஒரு ஆள் கிட்டத்தட்ட அதைச் செய்து காட்டியிருக்கிறார். 1935 மே 15-ஆம் தேதி ஆஸ்திரேலியாவிலிருந்து நியூசிலாந்துக்குத் தபாலோடு டாஸ்மன் கடல்மேல் பறந்துகொண்டிருந்தது 'சதர்ன் கிராஸ்' விமானம். மூன்று எஞ்சின், ஓட்டியவர் புகழ்பெற்ற கிங்ஸ்ஃபோர்டு ஸ்மித். நடு எஞ்சினின் புகைக்குழாயிலிருந்து உடைந்த துண்டு வலது விசிறியைச் சேதப்படுத்தி, அந்த எஞ்சினை நிறுத்த வேண்டியதாயிற்று. திரும்பி வரும் வழியில் இடது எஞ்சினில் ஆயில் தீர்ந்துகொண்டே வந்தது. உடன் வந்த பி. ஜி. டெய்லர் என்ற விமானி வெளியே ஏறி, இறக்கைக்கு அடியிலுள்ள குறுக்குக் கம்பத்தில் கால் வைத்து நடந்து, நின்றுபோன எஞ்சினிலிருந்து தெர்மாஸ் பிளாஸ்கின் உறையில் ஆயிலைப் பிடித்தார். அதை உள்ளே கொண்டுவந்து, மறுபக்கம் போய் இடது எஞ்சினில் ஊற்றினார். கீழே கடல், முகத்தில் சூறைக்காற்று. ஆறு தடவை இப்படிச் செய்தாராம்! விமானம் பத்திரமாக சிட்னி திரும்பியது. டெய்லருக்கு வீரப் பதக்கம் கிடைத்தது. பிற்பாடு அது ஜார்ஜ் கிராஸ் ஆக மாற்றித் தரப்பட்டது.

இதைச் சொன்னபோது பாப்பா, "நமக்கு அவ்வளவு தைரியம் வேணாம் பெரியப்பா, தரையிலயே பார்த்துடலாம்" என்றாள். தரையில் பார்ப்பதற்கும் தைரியம் வேண்டும் என்பது இரண்டு மாதம் கழித்துத் தெரிந்தது.

பாப்பாவின் தொலைபேசி

பிப்ரவரியில் ஒரு நாள் இரவு பத்து மணிக்குத் தொலைபேசி அடித்தது. பாப்பா. குரல் கம்மியிருந்தது. நடந்தது இது.

அன்று மத்தியானம் அவள் தனியாக வேறொரு ஊருக்குப் போய்த் திரும்ப வேண்டிய நாள். விமானம் அப்போதுதான் வேறொரு பயிற்சியாளரிடமிருந்து வந்திருந்தது. காலை ஏட்டில் ஆறரை குவார்ட். இரண்டு மணி நேரம் பறந்திருக்கிறது. இவள் குச்சி விட்டால் ஐந்துக்குக் கீழே. மூத்த பயிற்சியாளர் ஒருவர், "இப்போதானே இறங்கிச்சு, ஆயில் மேலேயே இருக்கும்" என்றார். உண்மைதான். பதினைந்து நிமிடம் பொறுத்துப் பார்த்தாள். ஐந்துக்கு ஒரு நூல் மேலே வந்தது. "பாத்தியா? ஐந்து இருக்கு. ஒரு குவார்ட் ஊத்திக்கிட்டுக் கிளம்பு. நேரம் போகுது" என்றார்கள். சட்டப்படி அது சரி. கையேடு கேட்பது ஐந்து.

பாப்பா கிளம்பவில்லை. பழைய ஏட்டைப் புரட்டினாள். அந்த விமானம் அந்த மாதம் முழுவதும் ஒன்பது பத்து மணி நேரத்துக்கு ஒரு குவார்ட் வீதம் குடித்திருந்தது. இன்றைக்கு இரண்டு மணி நேரத்தில் ஒன்றரை. அளவு போதும்; ஆனால் இறங்கிய வேகம் சரியில்லை. "மெயின்டெனன்ஸ் என்ஜினியர் பார்க்காம நான் எடுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். பயிற்றுநருக்கு எரிச்சல். அவளுக்கான நேரம் போயிற்று. கூடப் படிக்கிறவர்கள் 'ஆயில் இன்ஸ்பெக்டர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

மூடியைக் கழற்றிப் பார்த்ததில், முந்தின நாள் ஆயில் மாற்றியபோது திறந்த அடித்தொட்டியின் வடிகால் வால்வு முழுதாக உட்காராமல் இருந்தது தெரிந்தது. பறக்கும்போது சொட்டுச் சொட்டாக வெளியேறி வயிற்றில் மெல்லிய கோடாகப் பூசியிருக்கிறது. சரி செய்யப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அவள் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒருவேளை ஒன்றும் ஆகாமல் திரும்பியிருப்பாள். ஒருவேளை அந்த வால்வு நடுவழியில் முழுதாகத் திறந்திருக்கும். தெரியாது.

"நான் செஞ்சது தப்பா பெரியப்பா? அப்பா எவ்வளவு கடன் வாங்கியிருக்கார். ஒரு நாள் வீணாப் போச்சு" என்று அழுதாள்.

என்ன சொல்வது? 'சபாஷ்' என்று சொல்லிவிட்டு வைத்திருக்கலாம். ஆனால் அவளிடம் இதுவரை என் மனைவியிடம்கூடச் சொல்லாத ஒன்றைச் சொன்னேன். அன்பர்களுக்கும் அதையே சொல்கிறேன்.

நான் எழுதிய ஒரு வரி

1986 டிசம்பர். வட இந்தியாவில் ஒரு டீசல் ஷெட்டில் இரவு ஷிஃப்ட். நான் டிப்ளமா முடித்து வேலைக்கு வந்து ஆறு வருடம். பனி மூட்டம், கை நீட்டினால் விரல் தெரியாது. அடுத்தடுத்த இரண்டு குழிகளில் இரண்டு எஞ்சின்கள் நின்றன. இரண்டுக்கும் அவசரம். கன்ட்ரோலிலிருந்து மூன்று தடவை ஃபோன் வந்துவிட்டது. எனக்குக் காய்ச்சல் வேறு. அறையில் கணப்பைவிட்டு எழுந்திருக்க மனம் வரவில்லை. கதவருகே வந்து ஆயில் எப்படி என்று கத்தினேன். பனிக்குள்ளிருந்து வயதான கலாசியின் குரல், "டீக் ஹை, சாப்!" என்றது. நான் லாக் புக்கில் 'லூப் ஆயில் அளவு பார்க்கப்பட்டது, சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அந்த எஞ்சின் ஒரு பயணிகள் வண்டியோடு போய், இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே நின்றது. ஆயில் அழுத்தம் குறைந்து சுவிட்ச் தன் கடமையைச் செய்துவிட்டது. எஞ்சின் பிழைத்தது. வண்டி மட்டும் பனியில் நாலு மணி நேரம் நின்றது. அதில் ஒரு கல்யாண கோஷ்டி போனதாகப் பிற்பாடு கேள்விப்பட்டேன். முகூர்த்தத்துக்குப் போய்ச் சேர்ந்தார்களோ என்னவோ.

கலாசி பொய் சொல்லவில்லை. அவர் பார்த்தது பக்கத்துக் குழியில் நின்ற எஞ்சினை. அதில் ஆயில் சரியாகத்தான் இருந்தது. நான் எதைக் கேட்டேன் என்பது பனியில் அவருக்கு விளங்கவில்லை.

விசாரணை வந்தது. குச்சியைப் பார்க்க வேண்டியது என் வேலை. கையெழுத்தும் என்னுடையது. 'நான் பார்க்கவில்லை' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். "கலாசி சரி என்று சொன்னதை நம்பி எழுதினேன்" என்று சொன்னேன். இதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. ஆனாலும் அதைவிடப் பெரிய பொய் நான் சொன்னதில்லை. எனக்கு எச்சரிக்கைக் கடிதம். அவருக்கு இன்கிரிமென்ட் நிறுத்தம். ஓய்வு பெற அவருக்கு மூன்று வருடம் இருந்தது. பென்ஷன் வரைக்கும் அது இடித்திருக்கும். மறுநாளும் அவர் எனக்கு டீ வாங்கிவந்து கொடுத்தார். ஒன்றும் கேட்கவில்லை. அவர் காலமாகி வெகு காலம் ஆகிறது.

அதற்குப் பிறகு 30 வருடத்துக்கும் மேல் வேலை பார்த்தேன். குச்சியைப் பார்க்காமல் ஒரு நாளும் எழுதியதில்லை. பழைய அளவோடு ஒப்பிடாமலும் விட்டதில்லை. ஏனென்றால் இறங்கினால்தான் கவலை என்பதில்லை. ஊற்றாமலேயே அளவு ஏறியிருந்தால் அது பெரிய கவலை. தண்ணீரோ டீசலோ உள்ளே கலக்கிறது என்று அர்த்தம். அப்படி இரண்டு எஞ்சின்களை முன்கூட்டியே நிறுத்திக் காப்பாற்றியிருக்கிறேன். அதற்காகப் பாராட்டுக் கடிதமும் வாங்கினேன். அந்தக் கடிதத்தை வாங்கும்போதெல்லாம் நினைவுக்கு வந்தது பனிக்குள்ளிருந்து கேட்ட குரல்தான்.

பாப்பா நான் சொல்லி முடிக்கும்வரை பேசவில்லை. பிறகு, "அவர் பேர் என்ன பெரியப்பா?" என்று கேட்டாள். சொன்னேன். இங்கே எழுதவில்லை, அவருடைய பிள்ளைகள் இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறார்கள். அவர்களிடம் நேரில் சொல்ல வேண்டியது ஒன்று பாக்கியிருக்கிறது. எழுதிவிட்டேன் என்பதற்காக அது தீர்ந்துவிடாது.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு

நம்மில் பலர் வீட்டில் இப்போது கார் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, சமதரையில் நிறுத்தி, பிள்ளையை அருகில் வைத்துக்கொண்டு குச்சியை உருவுங்கள். துடையுங்கள், மறுபடி விடுங்கள், பாருங்கள். பார்த்ததை ஒரு பழைய டைரியில் கிலோமீட்டரோடு எழுதச் சொல்லுங்கள். ஒரு நாள் அளவு ஒன்றும் சொல்லாது. பத்து நாள் அளவு நிறையச் சொல்லும்.

நம் பிள்ளைகள் நாளைக்கு எந்த வேலைக்குப் போனாலும், 'பார்க்கப்பட்டது, சரி' என்று கையெழுத்துப் போடும் இடம் ஒன்று வரும். பின்னால் நின்று யாராவது அவசரப்படுத்துவார்கள். அன்றைக்கு அவர்களை 'ஆயில் இன்ஸ்பெக்டர்' என்று யாராவது கேலி செய்தால், கோபப்படாமல் வாங்கிக்கொள்ளட்டும்.

பாப்பாவுக்கு இப்போது 140 மணி நேரம் முடிந்திருக்கிறது. போன வாரம் பேசினாள். புதிதாகச் சேர்ந்த ஒரு பையனுக்கு ஆயில் பார்க்கக் கற்றுக்கொடுத்தாளாம். "என்ன சொல்லிக் கொடுத்தே?" என்றேன்.

"ரெண்டு தடவை விட்டுப் பாக்கணும், கூட இருக்கிறவங்க சொன்னதை எழுதக்கூடாதுன்னு சொன்னேன் பெரியப்பா. வேற ஒண்ணும் சொல்லலை" என்றாள்.